அப்டேட்டுக்கு முன்னால் வெட்டியது

ஆகஸ்ட் 4, திங்கள்

அப்டேட் போட்டிருக்கக் கூடாது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்ததும் எடிட்டிங் மென்பொருள் கேட்டது: புதிய பதிப்பு வந்திருக்கிறது, போடவா? காபி குடித்துக்கொண்டே சரி என்று அமுக்கிவிட்டேன். அதிலிருந்து எந்த வீடியோவை ஓடவிட்டாலும் விக்கி விக்கித்தான் ஓடுகிறது. படம் அப்படியே நிற்கிறது, பிறகு ஒரேயடியாகக் குதித்து எங்கேயோ போய் நிற்கிறது. குரல் மட்டும் ஒழுங்காக வருகிறது.

உறையூரில் இந்த மாடி அறையில் இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாண வீடியோ வெட்டுகிறேன். இப்படி ஒரு நாள் முழுக்க வீணானதில்லை. எதை மாற்றினேன், எதை மாற்றவில்லை என்பது குழம்பிவிடுகிறது. சரியாகும்வரை இந்த நோட்டில் எழுதி வைக்கப்போகிறேன்.

இன்று செய்தது: கம்ப்யூட்டரை மூன்று தடவை அணைத்துப் போட்டேன். தற்காலிகக் கோப்புகளை அழித்தேன். திரையில் ஓடும் படத்தின் தரத்தைக் கால்வாசியாகக் குறைத்தேன். இப்போது மங்கலாக விக்குகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிராஃபிக்ஸ் கார்டுக்கும் புது டிரைவர் போட்டுப் பார்த்தேன். இன்னும் மோசம்.

கல்யாண வேலை என்றால் ஒரு வாரம் தள்ளிப் போடலாம். இது அப்படி இல்லை. காது கேளாத கர்ப்பிணிப் பெண்களுக்காகப் பன்னிரண்டு வீடியோ. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று நிமிஷம். என்ன சாப்பிட வேண்டும், எப்போது ஸ்கேன், எந்த அறிகுறி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று தமயந்தி டீச்சர் சைகை மொழியில் சொல்லியிருக்கிறார். அவரும் காது கேளாதவர்தான். வீட்டில் இருப்பவர்களுக்கும் நர்ஸுகளுக்கும் புரிய வேண்டும் என்று அதன் மேல் தமிழ்க் குரல் ஒன்று ஓடும். இருபதாம் தேதிக்குள் எல்லாம் முடிய வேண்டும். முதல் வீடியோவைப் போன வாரமே முடித்துவிட்டேன். இன்னும் பதினொன்று.

வேலையைக் கொடுத்தது ஒரு தொண்டு நிறுவனம். அதை நடத்தும் கமருன்னிசா மேடம் போனில் கேட்டார்: “டீச்சர் ட்ரெயினிங்குக்கு டெல்லி போயிட்டாங்க சார், ரெண்டு வாரத்துக்குப் போன் பாக்கக்கூட நேரம் இருக்காதாம். வெட்டுனதுக்கு அப்புறம் சைகை சரியா இருக்கான்னு யாராவது பாக்கணுமே?”

என் மகள் ஜெசிந்தாவும் காது கேளாதவள் என்று அவருக்குத் தெரியும். வீட்டிலேயே இருக்கிற மொழி, எனக்குத் தெரியாதா என்றேன். அது பொய் இல்லை. என் மனைவி பிலோமினாவுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து ஐந்துவரை கரண்ட் இல்லை. நான் எதைப் போட்டுப் பார்க்க?

ரேஷனுக்குப் போய் வந்தேன். மிக்ஸிக்கு வாஷர் வாங்கினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பழைய பதிப்புக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்து புதியதை நீக்கினேன். பழையதைத் தேடிப் போட அரை நாள். போட்டபின் என்ன ஆயிற்று? இந்தக் கோப்பு இதைவிடப் புதிய பதிப்பில் செய்யப்பட்டது, திறக்க முடியாது என்று சொல்கிறது. திங்கட்கிழமை நான் திறந்தபோதே புதிய பதிப்பு எல்லாவற்றையும் தன் முறைக்கு மாற்றிச் சேமித்துவிட்டிருக்கிறது. மறுபடி புதியதைப் போட்டேன். மறுபடி விக்கல்.

கம்ப்யூட்டர் சரிசெய்யும் சுந்தரவடிவேலுக்குப் போன் போட்டேன். “எதுக்குண்ணே வேலை நடுவுல அப்டேட் போட்டீங்க?” என்றான். அதைத்தான் நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் மதுரையில் இருக்கிறானாம், திங்கள் வருகிறானாம்.

பிலோமினா சாப்பாட்டுத் தட்டோடு மேலே வந்து திரையைப் பார்த்தாள்.

“கை ஓட்டமே தெரியலியேங்க. இத வச்சு எப்படி வெட்டுவீங்க?”

“எல்லாம் பழக்கம்தான்” என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

வழி கிடைத்துவிட்டது. படம் விக்கினால் என்ன, குரல் விக்கவில்லையே. தமிழ்க் குரல் ஒரு வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் வெட்டு. அடுத்த வாக்கியம் தொடங்கும் இடத்தில் ஒட்டு. குரல் முடிந்த பிறகும் டீச்சர் கையைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டிருக்கிறார், பிறகுதான் கீழே இறக்குகிறார். அதெல்லாம் வால். கல்யாணத்தில் பேசி முடித்தவர் மைக்கைக் கீழே வைக்கும்வரை யார் பார்க்கிறார்கள்? வாலை எடுத்துவிட்டால் வீடியோ விறுவிறுப்பாக இருக்கிறது.

ஒரே நாளில் இரண்டு முடித்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சுந்தரவடிவேல் வரவில்லை. மாமியார் வீட்டில் விசேஷமாம்.

நான்காவது, ஐந்தாவது முடிந்தன. நான்காவதுதான் அபாய அறிகுறிகள் பற்றியது. பேச்சு அதிகம், அதனால் வால்களும் அதிகம். நாற்பது விநாடி குறைத்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஐந்து வீடியோவையும் அனுப்பிவிட்டேன். சேமித்து வெளியே எடுத்ததைப் போனில் ஓட்டிப் பார்த்தால் வழுவழுவென்று ஓடுகிறது. விக்கல் எல்லாம் மென்பொருளுக்குள்தான்.

கமருன்னிசா மேடத்துக்கு ஒரே சந்தோஷம். “சைகை எல்லாம் நீங்க பாத்துட்டீங்கல்ல சார்?”

“பார்த்துட்டேன்.”

“அப்ப காது கேளாதவங்க வாட்ஸ்அப் குரூப்புல எல்லாம் போட்டுடறேன்.”

ஆகஸ்ட் 14, வியாழன்

மூன்று நாள் விடுமுறைக்கு ஜெசிந்தா கோவையிலிருந்து வந்திருக்கிறாள். அங்கே ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்து வந்தேன். வண்டியைக் கிளப்புமுன் சாப்பிட்டாயா என்று மெசேஜ் போட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து ம் என்று பதில் போட்டாள். நாங்கள் அப்படித்தான். மெசேஜில் எல்லாம் தெளிவாக இருக்கும், குழப்பம் வராது.

அம்மாவும் மகளும் சமையலறையில் கையை வீசி வீசிச் சிரிக்கிறார்கள். பாத்திரம் உருளும் சத்தம்தான் மேலே கேட்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் ஆறாவது வீடியோவோடு மல்லுக்கட்டிவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். திரை இருட்டாக இருந்த நேரம் ஜெசிந்தா மேலே வந்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான்காவது வீடியோ. கோவைத் தோழி ஒருத்தி அனுப்பியதாம்.

பிறகு மெசேஜ் அடித்தாள்.

“அப்பா இத பாருங்க. எந்த முட்டாள் எடிட் பண்ணான்னு தெரியல. எங்க மொழில வேண்டாம், இல்லைங்கறது எல்லாம் கடைசிலதான் வரும். எல்லாத்தையும் வெட்டிட்டான். தலைவலி வந்தா மாத்திரை வாங்கி சாப்பிடாதன்னு டீச்சர் சொல்றாங்க. இதுல தலைவலி வந்தா மாத்திரை வாங்கி சாப்பிடுன்னு வருது. போச்சு.”

“தமிழ்க் குரலில் சரியாகத்தானே சொல்கிறார்கள்” என்று எழுதினேன்.

“அது யாருக்கு கேக்கும்?”

அவள் போன பிறகு கீழே போய் மோட்டார் போட்டேன். அணைக்க மறந்து தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவரெல்லாம் ஈரம். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

சுந்தரவடிவேல் இன்றும் வரவில்லை. படம் ஒழுங்காக ஓடியிருந்தால் இந்தத் தவறே நடந்திருக்காது. அந்தக் கை அசைவு எனக்குத் தெரிந்திருக்கும். யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

ஆகஸ்ட் 16, சனி

நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

காலையில் இட்லி வைக்கும்போது பிலோமினா சொன்னாள்: “அந்த வீடியோ நீங்க வெட்டுனதுதானே? நான் மேல வந்து பாத்தேனே. அவகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மகளுக்கு மெசேஜ் போட்டேன். “அந்த முட்டாள் நான்தான்.”

அவள் படிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை படித்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையால் பேசத் தொடங்கினாள். வேகமாக. நான் தலையாட்டினேன்.

“எதுக்குத் தலைய ஆட்டுறீங்க?” என்றாள் பிலோமினா. “அவ என்ன கேக்குறான்னு தெரியுதா?”

நான் இட்லியைப் பிட்டேன்.

“‘உங்களுக்கு எங்க மொழி தெரியுமா’ன்னு கேக்குறா. நீங்க ஆமாங்கறீங்க. ‘இருபது வருஷமா நான் சொன்னதெல்லாம் புரிஞ்சுதா’ன்னு கேக்குறா. அதுக்கும் ஆமாங்கறீங்க.”

ஜெசிந்தா எழுந்து போய்விட்டாள். அழவில்லை. கூடத்தில் நின்று, தான் இருக்கும் குரூப்புகளில் எல்லாம் சைகையில் ஒரு வீடியோ எடுத்துப் போட்டாள். அந்த வீடியோ தவறு, யாரும் மாத்திரை சாப்பிட வேண்டாம், யாராவது சாப்பிட்டிருந்தால் சொல்லுங்கள். பிலோமினா எனக்கு மொழிபெயர்த்தாள்.

இரண்டு மணிக்கு எழுத்தில் ஒரு பதில் வந்தது. மணப்பாறைப் பக்கத்திலிருந்து அமுதராணி. ஜெசிந்தாவுக்குப் பள்ளியில் இரண்டு வகுப்பு மூத்தவள். எட்டாம் மாதம். வியாழக்கிழமையிலிருந்து தலைவலி, வீடியோவில் சொன்னபடி மாத்திரை போடுகிறேன், நிற்கவில்லை, இன்று கண் மங்கலாக இருக்கிறது. கணவனும் காது கேளாதவன், மில்லுக்குப் போயிருக்கிறான். வீட்டில் வேறு யாரும் இல்லை.

ஜெசிந்தா அதைக் காட்டிவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிலோமினா கடைக்குப் போயிருந்தாள், காத்திருக்க நேரமில்லை. கேமரா சாமான் ஏற்றும் ஆம்னி வேனில் இரண்டு பேரும் கிளம்பினோம். வழியெல்லாம் அவள் ஒரு மெசேஜ்கூடப் போடவில்லை. நானும் வண்டி ஓட்டியதால் போட முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டோம். அமுதராணி வாசல்படியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு காலும் வீங்கிப் பளபளவென்று இருந்தன.

அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் இளம் வயதுப் பெண். பிரஷர் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. நூற்று எழுபது.

“கூட வந்தது யாரு? நீங்க என்ன வேணும் இவங்களுக்கு?”

என்ன உறவு என்று சொல்வது? “பேச வந்தேன் டாக்டர். இவங்க ரெண்டு பேருக்கும் காது கேக்காது” என்றேன்.

“எப்பருந்து கண்ணு மங்கலா இருக்கு? வலிப்பு மாதிரி ஏதாவது வந்துச்சா? குழந்தை அசையுதா?”

நான் போனில் அடித்தேன். ஜெசிந்தா படித்து அமுதராணிக்குச் சைகை காட்டினாள். அமுதராணிக்குக் கண் சரியாகத் தெரியாததால் முகத்துக்குக் கிட்டே போய், பெரிது பெரிதாக, மெதுவாகக் காட்ட வேண்டியிருந்தது. அவள் பதில் சொல்வாள். ஜெசிந்தா அதை அடிப்பாள். நான் படித்து டாக்டரிடம் சொல்வேன். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று.

“சீக்கிரம் கேளுங்க சார். உங்க பொண்ணுதானே, நேரா கேக்க மாட்டீங்களா?” என்றார் டாக்டர்.

என் விரல் போன் திரையில் தப்புத் தப்பாக விழுந்தது.

உடனே ஆபரேஷன் என்றார்கள். ஒன்றும் சாப்பிடக் கூடாது, தண்ணீர்கூடக் கூடாது. அந்த நேரம் பார்த்து மில்லிலிருந்து வந்த கணவனை அழைத்து வர ஜெசிந்தா கேட்டுக்குப் போயிருந்தாள். அமுதராணி தலைமாட்டில் இருந்த பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினாள். நர்ஸ் கத்தினார். கத்தி என்ன பிரயோஜனம்? நான் கிட்டே போய்ப் பாட்டிலைக் காட்டினேன், குடிப்பதுபோல் காட்டினேன், பிறகு ஜெசிந்தா காலையில் குரூப்புக்கு எடுத்த வீடியோவில் செய்ததுபோலவே கையை விரித்து அசைத்துத் தலையையும் இடம் வலமாக ஆட்டினேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டுப் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

ஆறரைக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். தாய்க்குப் பிரஷர் இறங்குகிறது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நான் அதை ஜெசிந்தாவுக்கு அடித்துக் காட்டினேன். படித்துவிட்டு, போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாதா கோவில் பூசைக்குப் போகவில்லை.

கமருன்னிசா மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குச் சைகை மொழி தெரியாது என்பதையும் சொன்னேன்.

“தெரியாதுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா வேற ஆளப் பாத்திருப்பேனே சார். அதுல என்ன கௌரவக் குறைச்சல்?”

மீதி ஏழையும் வேறு இடத்தில் கொடுக்கிறார். இந்த ஐந்தையும் நானே திருத்திக் கொடுக்க வேண்டும், டீச்சர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வெளியே போகும். சரி என்றேன்.

இன்னொன்று. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். சாயங்காலம் முதல் வீடியோவையும் அதன் வெட்டாத மூலப் பதிவையும் போனில் ஓட்டிப் பார்த்தேன். அது ஜூலை மாதம் முடித்தது. அப்போது படம் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் இரண்டு இடத்தில் கடைசிச் சைகையை வெட்டியிருக்கிறேன். மூலப் பதிவில் ஒரு விநாடி நீளத்துக்கு, டீச்சரின் கை தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்கும் தெரிந்துதான் இருக்கும். பார்த்துக்கொண்டே வெட்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

சுந்தரவடிவேல் ஒருவழியாக வந்தான். ஐந்து நிமிஷம். அப்டேட் போட்டதும் ஒரு அமைப்பு பழைய நிலைக்கு மாறி, படம் ஓட்டும் வேலை முழுவதையும் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்காமல் விட்டிருக்கிறது. ஒரு கட்டத்தில் ஒரு டிக். அவ்வளவுதான். வழுவழுவென்று ஓடுகிறது. இரண்டு வாரம் இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டேன். சந்தோஷப்படக்கூடத் தோன்றவில்லை.

ஜெசிந்தா இரண்டு நாள் லீவு நீட்டித்திருக்கிறாள். எனக்காக இல்லை என்று அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாளாம். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் வெட்டப் போகும்போதெல்லாம் என் மணிக்கட்டில் தட்டினாள். தட்டிய இடமெல்லாம் நான் வால் என்று நினைத்த இடம். ஐந்து வீடியோவில் முப்பத்தொரு இடம்.

மதியம் ஒரு தடவை ஏதோ கேட்டாள். பழக்கத்தில் தலை ஆடப் போயிற்று. நிறுத்திக்கொண்டு, புரியவில்லை என்று கையை விரித்தேன். மறுபடி செய்தாள். அப்போதும் புரியவில்லை. மூன்றாம் தடவை, ஃபேனைக் காட்டினாள். வேகம் கூட்டச் சொல்லியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

திருத்திய ஐந்தும் போயின. டெல்லியிலிருந்து டீச்சர் பார்த்துச் சரி என்றுவிட்டார்.

ஆனால் ஜெசிந்தா அதோடு விடவில்லை. தவறு செய்தவர் யார் என்று அவர்களுக்கெல்லாம் தெரிய வேண்டும், நீங்களே கேமரா முன்னால் நின்று சொல்லுங்கள், உங்கள் கையால் சொல்லுங்கள் என்றாள். நாலு வாக்கியம். நான் வெட்டினேன். மொழி தெரியாமல் வெட்டினேன். தெரியும் என்று பொய் சொன்னேன். மன்னியுங்கள்.

நாற்பத்தெட்டு வயதில் நாலு வாக்கியத்துக்குப் பதினேழு டேக். விரல் மடங்கமாட்டேன் என்கிறது. நான் செய்ததை ஓட்டிப் பார்த்தபோது, விக்கி விக்கித்தான் இருந்தது. மென்பொருளில் கோளாறு இல்லை.

பிலோமினா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “கல்யாணத்தப்பகூட இப்படி வேர்க்கல உங்களுக்கு” என்றாள்.

மாலை ஐந்து மணி பஸ்ஸில் ஜெசிந்தா கிளம்பினாள். ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். அது சைகையா, எல்லாரும் காட்டுகிற டாட்டாதானா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஜெசிந்தா என்னையும் சேர்த்துவிட்ட குரூப்பில் வீடியோ போட்டுத் திட்டித் தீர்க்கிறார்கள். திட்டுகிற முகம் எந்த மொழியிலும் புரிகிறது. ஒருவர் விடாமல் எல்லாருடையதையும் முழுக்கப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் பூசை. மீன் வாங்கினேன்.

மதியம் அமுதராணியிடமிருந்து எனக்கே ஒரு வீடியோ வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் வீக்கம் இல்லை. குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் கொடுத்துவிட்டார்கள். ஒரு கை குழந்தைக்குப் போய்விட்டதால் ஒரே கையால் பேசுகிறாள். கால்வாசி வேகத்தில் நான்கு தடவை ஓட்டினேன். குழந்தை, புரிந்தது. பால், புரிந்தது. நன்றாக, புரிந்தது. கடைசியில் ஒன்று. இரண்டு விரலை நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்து திறந்து மூடினாள். நேராக என்னைப் பார்த்துக் காட்டினாள். கோபமா சிரிப்பா என்று முகத்திலும் பிடிபடவில்லை.

பிலோமினா அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். ஜெசிந்தாவுக்கு மெசேஜ் அடிக்க ஆரம்பித்தேன். இரண்டு விரலை நெற்றிக்குப் பக்கத்தில் என்று எழுதினேன், அதற்கு மேல் எப்படி எழுதுவது? அழித்துவிட்டு வீடியோ கால் போட்டேன். அவள் கோவைக்கு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் அவளுக்கு வீடியோ கால் போட்டது இதுதான் முதல் தடவை.

எடுத்தாள். கண் விரிந்து, அம்மாவுக்கு என்ன என்று கேட்டாள். அது எனக்குப் புரிந்தது. ஒன்றுமில்லை என்று கையை அசைத்துவிட்டு, அமுதராணி செய்த கடைசிச் சைகையை அப்படியே செய்து காட்டினேன்.

ஜெசிந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு திரையில் எழுத்து வந்தது.

“கத்தரிக்கோல். அது உங்க சைகைப் பேரு அப்பா. குரூப்புல எல்லாரும் உங்கள இப்ப அப்படித்தான் சொல்றாங்க. எங்க ஆளுங்க சும்மா யாருக்கும் பேரு வைக்க மாட்டாங்க.”

நான் என் பெயரை மறுபடி ஒரு தடவை செய்து பார்த்தேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். விரல் இன்னும் கொஞ்சம் மேலே இருக்க வேண்டுமாம்.